ஒரே வேர், ஏழு வேலை: லேப் சொன்னால் மருந்தா?

4 ஜூன் 2023, கேள்வி

பாறசாலையில் இருக்கிறோம். அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. குலசேகரம் பக்கத்து வைத்திய ஆசான் ஒருவர் பொன்கொரண்டி வேர்ப்பொடி தருகிறார். ஒரு மாதமாக அப்பா அதைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார். என் தங்கை மகள் எம்.எஸ்சி. படிக்கிறாள், அதே பொடியைத் தன் ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டாள். பாக்டீரியாவைக் கொல்கிறது, பூஞ்சையைக் கொல்கிறது, ஆன்டிஆக்ஸிடன்ட், வீக்கத்துக்கு நல்லது, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் நொதியைத் தடுக்கிறது, அதே வேலைக்கான குளுக்கோசிடேஸையும் தடுக்கிறது, புற்றுநோய் செல்லைக் கொல்கிறது. ஏழிலும் பாஸ். அப்பா அந்தத் தாளை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மெட்பார்மின் நிறுத்தி ஒன்பது நாள் ஆகிறது. ‘லேபே சொல்லியாச்சு’ என்கிறார். லேபில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள், ஏழு வேலை செய்கிறது என்றால் அது மருந்துதானே?

4 ஜூன், இரவு

மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. நாளைக் காலை வெறும் வயிற்றில் ஒரு ரீடிங், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று எடுங்கள். எடுத்த கையோடு அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பொடி குடிப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

5 ஜூன்

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் என் வீடு. அந்தப் பக்கம் ஒரு கல்லூரி லேபில் பதினோரு வருடம் இதே வேலைதான் பார்த்தேன். செடி வரும், நிழலில் காயும், பொடியாகும், சாறு இறக்கும் சாக்ஸ்லெட் கருவியில் ஏறும், அப்புறம் வரிசையாக எல்லாச் சோதனையும். அந்தத் தாள் எப்படிப் பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பச்சை வாழைக்காயைக் கடித்தால், கடுக்காயை நாக்கில் வைத்தால் வாய் இழுத்துப் பிடிக்கிறதே, அது ஏன்? அதிலுள்ள டானின் எச்சிலில் இருக்கும் புரதத்தைக் கவ்விக்கொள்கிறது. வழவழப்பு போய் நாக்கு சொரசொரக்கிறது. இதைத்தான் துவர்ப்பு என்கிறோம்.

சோதனைக் குழாயில் நடப்பதும் இதேதான். அமைலேஸ் ஒரு புரதம். துவர்ப்பான சாற்றை அதன்மேல் ஊற்றினால் டானின் அதைக் கவ்வும், அமைலேஸ் வேலை செய்யாது, ‘சர்க்கரை நோய்க்கு எதிரானது’ என்று எழுதுவோம். முட்டை வெள்ளைக்கருவைச் சூடாக்கிக் கலங்குகிறதா என்று பார்ப்பதுதான் பல கல்லூரிகளில் வீக்கத்துக்கான சோதனை. அங்கேயும் புரதம், அங்கேயும் டானின். பாக்டீரியாவின் மேலுறையிலும் புரதம் உண்டு. டி.பி.பி.எச். சோதனையில் ஊதா நிறம் மஞ்சளாக மாறினால் ஆன்டிஆக்ஸிடன்ட் என்போம். டானினுக்கு அது கைவந்த வேலை, கட்டன் சாயாவை விட்டாலும் மாறும்.

பொன்கொரண்டி வேர் துவர்க்கும். ஏழு சோதனை வைத்தார்கள், சரி. அதில் நான்கைந்து ஒரே துவர்ப்பைத் திரும்பத் திரும்ப அளந்திருக்கலாம்.

5 ஜூன், கொஞ்சம் கழித்து

புற்றுநோய் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். அது எம்.டி.டி. சோதனை, 1983-இல் மோஸ்மன் கொண்டுவந்தது. உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாப் படிகமாக்கும், செத்த செல் ஆக்காது. நல்ல சோதனைதான். ஆனால் எந்த அளவில் கொன்றது என்று பாருங்கள். மில்லிக்கு 1000 மைக்ரோகிராம் கொட்டினால் சமையல் சாமானில் பாதி, செல்லைக் கொல்லும். சுத்தம் செய்யாத சாறு என்றால் 30 மைக்ரோகிராமுக்குள் பாதிச் செல் செத்தால்தான் மேலே பார்க்கலாம் என்பது இந்தத் துறையில் பலரும் வைத்திருக்கும் கோடு. நல்ல செல்லுக்கும் அதே சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்களா என்றும் கேட்க வேண்டும்.

இன்னொன்று. பாலிஃபீனால் நிறைந்த சாறு, செல்லே இல்லாத சோதனைத் தட்டுக் குழியிலும் எம்.டி.டி.யை ஊதாவாக்கிவிடும். ஒப்பிட்டுப் பார்க்கச் செல் இல்லாத குழி ஒன்று, பிளாங்க் என்போம், வைக்கவில்லை என்றால் அந்த எண்ணை எந்தப் பக்கம் நம்புவது?

7 ஜூன்

‘பிளாங்க் வைத்தார்களா என்று ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறீர்கள்’ என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

2014. குப்பைமேனி இலை. ஒரு மாணவி ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தாள். அகார் தட்டில் கிருமியைப் பஞ்சுக்குச்சியால் மூன்று திசையிலும் தேய்த்து, 6 மில்லிமீட்டர் குழி வெட்டி, சாற்றை விட்டு, 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்தோம். காலையில் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் குழியைச் சுற்றித் தெளிந்த வட்டம், 18 மில்லிமீட்டர். அவள் முகத்தை இன்னும் மறக்கவில்லை. அப்புறம் நான் பக்கத்துக் குழியைப் பார்த்தேன். அதுதான் பிளாங்க், சாறு இல்லாமல், சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. மட்டும் விட்ட குழி. அதைச் சுற்றியும் வட்டம், 12 மில்லிமீட்டர்.

கரைப்பானே பாதி வேலையைச் செய்திருக்கிறது. நீர்த்து மறுபடி செய்ய இரண்டு வாரம் ஆகும். தீசிஸ் கொடுக்க ஐந்து நாள்தான் இருந்தது. மேலே இருந்தவர் டேபிளில் பிளாங்க் வரிசையை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தோம். டைப் செய்தது நான். அந்த இலை இன்று ஏதோ ஒரு பட்டியலில் ‘வலுவான பாக்டீரியா எதிர்ப்பு’ என்று உட்கார்ந்திருக்கும். அதைப் படித்து ஒருவர் புண்ணுக்கு மருந்து போடாமல் இருந்திருந்தால்? அப்படி ஒரு தாள் உங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

8 ஜூன்

திருத்தம். பழைய நோட்டைப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இலைக்கு 16, பிளாங்குக்கு 9. ஒன்பது வருடத்தில் என் மனதில் அந்த எண் வளர்ந்திருக்கிறது. சொன்ன விஷயம் மாறவில்லை, எண் மாறுகிறது.

11 ஜூன்

‘அக்கா, நம் மூலிகையைக் கேவலப்படுத்துகிறீர்கள்’ என்று நெடுமங்காட்டுத் தம்பி கோபப்பட்டிருக்கிறார். இல்லை தம்பி. பொன்கொரண்டி சாதாரண வேர் இல்லை. 1997-இல் கியோட்டோவில் யோஷிகாவா குழு அதன் இலங்கைச் சொந்தக்காரச் செடியிலிருந்து சலாசினோல் என்ற பொருளைப் பிரித்தது. அடுத்த வருடம் கோத்தலனோல். இரண்டும் குடலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் குளுக்கோசிடேஸ் நொதியைத் தடுக்கும். இலங்கையில் அந்த மரத்தில் குவளை கடைந்து, ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பார்கள். அந்தக் குவளைக்குள் என்ன இருக்கிறது என்று ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது, கேட்டு, பிரித்து, திரும்பத் திரும்பச் சோதித்துத்தான்.

அதனால்தான் மெட்பார்மினுக்குப் பதில் இது என்று வைக்க முடியாது. சலாசினோல் வேலை செய்யும் இடம் குடல். மெட்பார்மின் முக்கியமாக ஈரலில், அது வெளியே விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. விடிகாலையில் ஒன்றும் சாப்பிடாமல் இருக்கும்போது ஏறும் சர்க்கரையைக் குடலில் இருக்கும் காவல்காரன் எப்படிப் பிடிப்பான்?

ஒன்றுக்கு மேல் வேலைகளை ஒரே செடியில் தேடுவதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்கச் செடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றின் ஆல்கஹால் சாற்றையும் கிருமி, பூஞ்சை, வைரஸ், சர்க்கரை, புற்று, இதயம், நரம்பு என்று வரிசையாக ஓட்டியது. முதல் பகுதி 1968-இல் வந்தது. அந்தச் சல்லடையில் நின்றதுதான் மருந்துக் கூர்க்கன் என்ற செடி. அதிலிருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பொருள் ஒன்று கிடைத்தது. லக்னோவில் அதற்குக் கோலியோனால் என்று பெயர், பம்பாயில் ஹெக்ஸ்ட் என்ற மருந்துக் கம்பெனியின் ஆய்வகம் போர்ஸ்கோலின் என்றது, பொருள் ஒன்றுதான். நாம் பொங்கலுக்கு வேகவைக்கும் சிறுகிழங்கு, அந்தப் பக்கம் கூர்க்கை, இதற்குப் பங்காளி.

நித்தியகல்யாணி கதை இன்னும் பெரிசு. நம் ஊரில் சுடுகாட்டு மல்லி, மலையாளத்தில் சவக்கோட்டப்பச்சை, இரண்டு மொழியிலும் அதற்குச் சாவுக்காட்டுப் பெயர். ஜமைக்காவில் அந்த இலையைச் சர்க்கரைக்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கனடாவில் நோபிள், பீர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதை எலிக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை குறையவில்லை. எலிகள் கிருமி தாக்கிச் செத்தன. ஏன் என்று பார்த்தால் வெள்ளணு விழுந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போய் 1958-இல் வின்பிளாஸ்டின், நிணநீர்ப் புற்றுக்கு மருந்து. எலி ஏன் செத்தது என்று அவர்கள் கேட்காமல் விட்டிருந்தால் ஒன்றும் வந்திருக்காது.

14 ஜூன்

தங்கை மகள் இந்தக் கேள்வி-பதில் இழைக்குள் வந்துவிட்டாள், சந்தோஷம். அவள் சொன்னதைப் படித்ததும் நான் 11-ஆம் தேதி எழுதியதில் ஒரு இடத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. குளுக்கோசிடேஸ் ரிசல்ட் மட்டுமாவது சலாசினோலால் வந்திருக்கும் என்று மனதில் வைத்துத்தான் அதை எழுதினேன். அவள் பயன்படுத்தியது ஈஸ்டிலிருந்து எடுத்த நொதி.

பெரும்பாலான லேபில் அதுதான், விலை குறைவு. ஆனால் ஈஸ்ட் நொதியும் நம் குடல் நொதியும் பெயரில் ஒன்று, குடும்பம் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் அகார்போஸ் மாத்திரை, நம் குடல் நொதியை நன்றாகத் தடுக்கும், ஈஸ்ட் நொதியை அவ்வளவாகத் தடுக்காது. அதனால் எந்தத் துவர்ப்புச் சாற்றை வைத்தாலும் ‘அகார்போஸைவிடச் சிறந்தது’ என்று வந்துவிடும். நானே அப்படி எழுதிய வரிகளை எண்ணினால் இரண்டு கை விரல் போதாது.

அம்மா, எலிக் குடல் பொடி என்று ஒரு பாட்டில் வாங்கக் கிடைக்கும். அதிலிருந்து நொதியை எடுத்துச் செய். உன் கைடிடம் கேள், செலவு ஆகும், ஆனால் கேள்.

14 ஜூன், அதே மாலை

அவள் கேட்டது: டானினை எப்படி எடுப்பது? பி.வி.பி.பி. பொடி. பீரைத் தெளியவைக்கப் போடுவார்கள். சாற்றில் போட்டுக் குளிரில் அரை மணி கலக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை எடுத்துக்கொள். முன்னும் பின்னும் இரண்டையும் ஒரே நாளில் சோதி. இன்னொரு வரிசையில் 0.01 சதவீதம் டிரைட்டான் என்ற சோப்புப் பொருள் சேர். சில பொருள்கள் நீரில் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு நொதியைச் சும்மா ஒட்டிக்கொள்ளும், சோப்புத் தன்மை பட்டால் உருண்டை கலையும். கலைந்ததும் ‘செயல்’ மறைந்தால் அது செயலே இல்லை.

19 ஜூன்

தேன் பற்றி மார்த்தாண்டத்து அண்ணன் கேட்டிருந்தார். தலைப்பை விட்டு விலகுகிறது, ஆனால் இதே கதைதான்.

நம் பக்கத் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். ரப்பரில் தேன் சுரப்பது இலைக்காம்பின் நுனியில். தளிர் விடும் ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று இலை சேரும் இடத்தில் பொட்டுப் பொட்டாக நிற்கும், விரலில் தொட்டு நக்கலாம். அந்தத் தேனைக் குழியில் விட்டால் வட்டம் விழும். முதல் காரணம் சர்க்கரை, கெட்டியான சர்க்கரை கிருமியின் தண்ணீரை உறிஞ்சிவிடும். இரண்டாவது காரணம், தேனீ சேர்க்கும் ஒரு நொதி தேனை நீர்த்ததும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாக்கும். பிரித்தறிய இரண்டு குழி கூட வேண்டும்: அதே கெட்டிக்குச் சர்க்கரைப் பாகு ஒன்று, பெராக்ஸைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்த தேன் ஒன்று. பாகிலும் அதே வட்டம் என்றால் நீங்கள் அளந்தது பாகை. கேட்டலேஸ் சேர்த்ததும் வட்டம் சுருங்கினால் அது பெராக்ஸைடு. இரண்டையும் தாண்டி நிற்பதுதான் அந்தத் தேனுக்கே உரியது.

20 ஜூன்

ஆம், மஞ்சளும் அப்படித்தான். குர்குமின் எந்தச் சோதனையில் போட்டாலும் பாஸ் ஆகும். 2010-இல் பேல், ஹாலோவே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இப்படி எங்கும் பாஸ் ஆகி ஏமாற்றும் வடிவங்களைப் பட்டியல் போட்டார்கள். 2017-இல் குர்குமினை மட்டும் எடுத்து ஒரு பெரிய அலசல் வந்தது, ஆள்மேல் முறையாக நடத்திய பரிசோதனை எதிலும் அது ஜெயிக்கவில்லை என்று. மஞ்சள் போட்டுச் சமைப்பதை நான் நிறுத்தவில்லை. மீன்குழம்புக்கு அது வேண்டும்.

26 ஜூன்

‘ஆசானுக்கு இதில் என்ன கிடைக்கும்?’ ஒரே வரியில் கேட்டுவிட்டுப் போய்விட்டார் ஒருவர். இதுதான் இந்த இழையிலேயே கனமான கேள்வி.

1987 டிசம்பரில் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் அகஸ்தியமலை ஏறியவர்கள் களைத்துப்போனார்கள். வழிகாட்டிய மலைவாழ் காணிக்காரர்கள் களைக்கவில்லை, ஏதோ சின்னப் பழத்தை மென்றுகொண்டே நடந்தார்கள். கேட்டால் முதலில் சொல்லவில்லை, அது குலத்து ரகசியம். தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் ஆரோக்கியப்பச்சையைக் காட்டினார்கள். பாலோட்டில் இருக்கும் தாவரவியல் பூங்காவில் அதை ஆராய்ந்து, அதன் இலையோடு வேறு மூலிகைகளும் சேர்த்து ‘ஜீவனி’ செய்தார்கள். 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம், 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணி மக்களுக்கு. அதை வாங்கிக்கொள்ள 1997-இல் அவர்களுக்கு ஒரு டிரஸ்ட் பதிவானது.

அந்த மலைக்கு எல்லைக்கோடு கிடையாது. தமிழ்நாட்டுப் பக்கம் பேச்சிப்பாறைக்கு மேலேயும் காணிக்காரர்கள் இருக்கிறார்கள், டிரஸ்ட் கேரளத்துக் காணிகள் பெயரில். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்களைப் பிரித்து இழுத்த கோடு, செடியையும் அறிவையும் கேட்டு இழுத்தது இல்லை.

தங்கை மகளே, உன் தீசிஸின் முதல் பக்கத்தில் ஆசான் பெயரைப் போடு. அவரிடம் கேட்டுவிட்டுப் போடு. வேரைத் தோண்டினால் கொடி போய்விடும், எங்கிருந்து எடுக்கிறார் என்பதை மட்டும் எழுதாதே.

2 ஜூலை

அப்பா ‘இங்கிலீஷ் மாத்திரை வேண்டாம், பச்சிலை போதும்’ என்கிறாராம். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மெட்பார்மினுக்கும் பாட்டி ஒரு பச்சிலைதான். ஐரோப்பாவில் கலீகா என்ற செடி, அதிலிருந்த குவானிடின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சு. அதன் வழியில் நஞ்சு குறைந்ததைத் தேடித்தான் மெட்பார்மின் வந்தது. பிலிப்பைன்ஸில் கார்சியா என்ற டாக்டர் அதை ஃப்ளூ காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, ரத்தச் சர்க்கரை இறங்குவதைக் கவனித்து எழுதினார். 1957-இல் பிரான்ஸில் ஜான் ஸ்டெர்ன் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துக் காட்டினார்.

9 ஜூலை

பொடி விஷமா என்று எப்படிப் பார்ப்பது என்று தங்கை மகள் கேட்டாள். சிக்கனமான வழி உப்புநீர் இறால் குஞ்சு, 1982-இல் வந்த முறை. முட்டை பார்க்க மிளகாய்த்தூள் மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீர்த் தட்டின் ஒரு பாதியைக் கறுப்புத் தாளால் மூடி அங்கே தூவி, மறுபாதிக்கு மேல் ஒரு பல்பு. ஒரு நாள் கழித்துப் பார்த்தால் பொரிந்தவை எல்லாம் வெளிச்சத்துப் பக்கம் திரண்டு நிற்கும், கண்ணுக்கு வெறும் புள்ளியாகத் தெரியும் அளவு சின்னது, ஆனால் துடிப்பது தெரியும். கண்ணாடிக் குழாயால் ஒரு குப்பிக்குப் பத்தாக எண்ணிப் பிடித்துச் சாற்றை விட்டு, 24 மணி நேரம் கழித்து எத்தனை உயிரோடு என்று எண்ண வேண்டும்.

பத்தும் செத்தால் எச்சரிக்கை. பத்தும் பிழைத்தால் மனிதனுக்கு நல்லது என்று எழுதிவிடாதே. அப்பாவின் ஈரலையும் சிறுநீரகத்தையும் ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அதை டாக்டரே எழுதித் தருவார்.

13 ஆகஸ்ட்

தங்கை மகள் ரிசல்ட் அனுப்பினாள். அவள் அனுமதியோடு போடுகிறேன்.

அமைலேஸ்: பி.வி.பி.பி.க்கு முன் 82 சதவீதத் தடுப்பு, பின் 14. பாக்டீரியா வட்டம்: முன் 15 மில்லிமீட்டர், பின் ஒன்றுமில்லை. பூஞ்சையும் அப்படியே. வெள்ளைக்கருச் சோதனை: அங்கேயும் செயல் விழுந்துவிட்டது. டி.பி.பி.எச்.: பாதிக்கு மேல் போய்விட்டது. எம்.டி.டி.: செல் இல்லாத குழியிலும் ஊதா, அதனால் அதை எடுத்துவிட்டாள். எலிக் குடல் நொதி: முன் 61, பின் 57. டிரைட்டான் சேர்த்தும் 56. ஒவ்வொன்றையும் மூன்று நாள், மூன்று தடவை செய்திருக்கிறாள்.

ஏழில் ஒன்று. அந்த ஒன்று அசையவில்லை, ஆசான் எதற்காகக் கொடுத்தாரோ அதே ஒன்று. போனில் அழுதுகொண்டே சொன்னாள், தீசிஸ் சின்னதாகிவிட்டதே என்று. நான் பதினோரு வருடத்தில் இவ்வளவு சுத்தமான ஒரு டேபிளைப் பார்த்ததில்லை என்று அவளிடம் சொன்னேன். உண்மையாகவே பார்த்ததில்லை.

15 ஆகஸ்ட்

கேட்டவர் எழுதியிருக்கிறார். ஜூனில் எடுத்த மூன்று மாதச் சராசரி 9.1 இருந்ததாம். மறுநாளே மெட்பார்மின் மறுபடி ஆரம்பித்தாகிவிட்டது. பொடியை இப்போதைக்கு நிறுத்தி, செப்டம்பர் ரீடிங் வந்த பிறகு பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆசானும் அதற்குச் சரி என்றாராம்.

பழைய தாளை எடுத்துவிட்டார்கள். அப்பா புதுத் தாளையும் லேமினேட் செய்து தரச் சொல்கிறாராம். பிளாங்க் வரிசையோடு செய்து கொடுங்கள்.